சுவரில் வெள்ளக் கோடு, கையில் எந்தக் கருவி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கும் தமிழ் வாசகர்கள் அண்மையில் அனுப்பிய கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. காலநிலை மாற்றத்தால் நமக்கு எவ்வளவு பாதிப்பு வரும், அதற்கு நம்மை எப்படித் தகவமைத்துக்கொள்வது, இதை மதிப்பிட எந்தக் கருவி சரி? கருவி என்றதும் மழைமானியோ மென்பொருளோதான் நினைவுக்கு வரும். இந்தத் துறையில் வினாத்தாளும் கருவிதான், குறியீட்டெண்ணும் கருவிதான், பத்துப் பேர் தரையில் உட்கார்ந்து வரையும் தெரு வரைபடமும் கருவிதான். வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2022 வெள்ளத்தில் மடப்பள்ளிக்குள் தண்ணீர் புகுந்தது. இப்போது புதுப்பிக்கப் போகிறோம். முறையான பாதிப்பு மதிப்பீடு செய்யச் சொல்கிறார்கள். கிரீன்புக், கிறிஸ்டல், சி.வி.சி.ஏ. என்று மூன்று பெயர் காதில் விழுந்தது. எதை எடுப்பது?
(கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர், இசிபிங்கோ)

மதிப்பீடு முடிந்த மறுநாள் உங்கள் குழு எதை முடிவு செய்யப்போகிறது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்திலிருந்து மூன்று முடிவுகள் எனக்குத் தெரிகின்றன. மடப்பள்ளித் தரையை எவ்வளவு உயர்த்துவது, மின்பலகையையும் அரிசி மூட்டைகளையும் எங்கே வைப்பது, திருவிழா நாளில் தண்ணீர் ஏறினால் கூட்டத்தை எந்த வழியாக அனுப்புவது. மூன்றுக்கும் ஒரே கருவி பதில் சொல்லாது.

கிரீன்புக் தென்னாப்பிரிக்காவின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்டது. இணையத்தில் இலவசம். ஒவ்வொரு நகராட்சிப் பகுதியிலும் மழை, வெப்பம், வெள்ளம், வறட்சி ஆகியவை 2050 வாக்கில் எப்படி மாறலாம் என்று காட்டும். நிதி கேட்டு எழுதும் கடிதத்தின் முதல் பக்கத்துக்கு அருமையாக உதவும். ஆனால் அதன் காலநிலைக் கணக்கு 8 கிலோமீட்டர் கட்டங்களில் போட்டது. உங்கள் கோயிலும் எதிரே மேட்டில் இருக்கும் வீடுகளும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். தரையின் உயரத்தை அதனிடம் கேட்க முடியாது.

அதைச் சொல்லக்கூடியது உங்கள் சுவர். இப்படி ஒரு கோயிலில் பல ஆண்டுகளாகச் சமைத்துவந்த பாட்டி ஒருவரிடம், தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டேன். எண் எதுவும் சொல்லவில்லை. அரிசித் தொட்டி ஓரமாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, “இதுவரைக்கும்” என்றார். தரையிலிருந்து டேப் பிடித்தோம், 1 மீட்டர் 12 சென்டிமீட்டர். அதன்மேல் அடித்திருந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் சுரண்டியதும், அதே உயரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. பாட்டியின் கைக்கும் கோட்டுக்கும் ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. புது மின்பலகையை இடுப்பளவு உயரத்தில் வைக்கத்தான் அன்று குறி போட்டிருந்தார்கள். அதைத் தலைக்கு மேல் ஏற்றச் சொல்ல வேறு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தேதி போட்டு இப்படி அளந்து வையுங்கள். அடுத்து நகராட்சியின் பொறியியல் பிரிவில் உங்கள் மனைக்கான வெள்ளக்கோட்டு வரைபடம், அதாவது ஆறு பெருகினால் தண்ணீர் எதுவரை வரும் என்று காட்டும் வரைபடம், இருக்கிறதா என்று கேளுங்கள். 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தின்படி, புதிய குடியிருப்பு வரைபடங்களில் நூற்றாண்டு வெள்ளக்கோட்டைக் காட்டியாக வேண்டும். பழைய இடங்களுக்கு நாமாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். நூற்றாண்டு வெள்ளம் என்றால் ஒருமுறை வந்துவிட்டது, இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று அர்த்தம் கிடையாது. எந்த ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் அர்த்தம்.

மூன்றாவது முடிவுக்கு மட்டும் கேர் அமைப்பின் சி.வி.சி.ஏ. முறையை எடுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் இ.வி.சி.ஏ.வும் ஏறக்குறைய இதே வழிதான். மக்களைக் கூட்டி, ஆபத்து வரைபடமும் பருவ நாட்காட்டியும் போடச் சொல்வது. அந்த நாட்காட்டியில் மழையோடு திருவிழாக்களையும் எழுதுங்கள், ஒரு விஷயம் கண்ணில் படும். 2019 ஏப்ரல் வெள்ளம் ஈஸ்டர் திங்களன்று தொடங்கியது. 2022-இல் ஏப்ரல் 11, 12-இல் கொட்டியது, பெரிய வெள்ளி 15-ஆம் தேதி, நடுவில் 14-ஆம் தேதி சித்திரைப் பிறப்பு. இரண்டு முறையும் மழையைக் கொண்டுவந்தது இங்குள்ள வானிலைக்காரர்கள் கட்-ஆஃப் லோ என்று சொல்லும் தாழ்வழுத்தம். நம் அம்மன் கோயில்களில் கூட்டம் நிரம்பி வழியும் ஈஸ்டர் நாட்களும் அந்த மழையும் ஒரே பருவத்தில் வருகின்றன. 1987-இன் பெருவெள்ளம் செப்டம்பர் கடைசியில், அதாவது புரட்டாசியில் வந்தது. இந்த ஊர்க் கோயிலுக்கு இதைவிட முக்கியமான தகவல் எந்த மென்பொருளிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கிறிஸ்டலை விட்டுவிடுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஒரு வளர்ச்சித் திட்டம் மக்களின் பிழைப்புக்குத் துணையா தடையா என்று சோதிக்க அது நல்லது. மடப்பள்ளிக்கு வேண்டாம்.

முதுகலை ஆய்வுக்கு எல்.வி.ஐ. என்ற வாழ்வாதாரப் பாதிப்புக் குறியீட்டை எடுக்கலாம் என்றிருக்கிறேன். மேற்பார்வையாளர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?
(மாணவி, வெஸ்ட்வில்)

அவருடைய காரணத்தை நீங்கள் எழுதவில்லை. என் கருத்தைச் சொல்கிறேன். எல்.வி.ஐ. 2009-இல் நம் பக்கத்து நாடான மொசாம்பிக்கில் உருவானது. குடும்ப அமைப்பு, பிழைப்பு வழிகள், சமூக உறவுகள், உடல்நலம், உணவு, நீர், பேரிடரும் காலநிலையும் என்று ஏழு கூறுகள். வீடு வீடாகப் போய்க் கேட்டு, எல்லாவற்றையும் 0-க்கும் 1-க்கும் நடுவே கொண்டுவந்து சராசரி எடுப்பது. மாணவர்களால் செய்து முடிக்கக்கூடியது என்பது அதன் பெரிய பலம்.

சிக்கல் அந்த 0–1 கணக்கில் இருக்கிறது. மருத்துவமனைக்கு உள்ள தூரத்தை எடுத்துக்கொள்வோம். மிகக் குறைந்த தூரம் 1 கிலோமீட்டர், மிக அதிகம் 6. உங்கள் வார்டு 3 கிலோமீட்டரில் இருந்தால் மதிப்பெண் 0.4. இப்போது 11 கிலோமீட்டரில் இருக்கும் இன்னொரு வார்டையும் ஆய்வில் சேர்க்கிறீர்கள். உங்கள் வார்டின் மதிப்பெண் 0.2 ஆகிவிடும். அங்கே யாருக்கும் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை, ஆனால் தாளில் பாதிப்பு பாதியாகிவிட்டது. எனவே இந்த எண்ணை வைத்து இரண்டு இடங்களை ஒப்பிடலாமே தவிர, ஓர் இடம் பத்திரமானது என்று சொல்லிவிட முடியாது. ஏழு கூறுகளையும் தனித்தனியாகக் காட்டுங்கள். மொத்த எண்ணைக் கடைசியில் வையுங்கள், கூறுகளுக்குத் தரும் எடைகளை மாற்றினால் இடங்களின் வரிசை மாறுகிறதா என்றும் சோதியுங்கள்.

இன்னொன்று. உலகக் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கை, ஆபத்துக்கு எவ்வளவு ஆட்படுகிறோம் என்ற வெளிப்பாட்டையும் பாதிப்புத்தன்மைக்குள்ளேயே வைத்திருந்தது. 2014 அறிக்கை அதை வெளியே எடுத்து, அபாயம் என்பது ஆபத்து, வெளிப்பாடு, பாதிப்புத்தன்மை மூன்றும் சேர்ந்தது என்றது. எல்.வி.ஐ. பழைய வரையறைக் காலத்தைச் சேர்ந்தது. எந்த வரையறையில் நிற்கிறீர்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

எங்கள் வார்டுக்கென்று தனியாக மதிப்பீடு வேண்டுமா? நகராட்சியே செய்ய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாமே?
(வார்டுக் குழு, சாட்ஸ்வொர்த்)

2024 ஜூலையில் கையெழுத்தான காலநிலை மாற்றச் சட்டம் நகராட்சிகளிடம் தேவை மதிப்பீட்டையும் செயல்திட்டத்தையும் கேட்கிறது. உண்மைதான். ஆனால் நகராட்சியின் ஆவணத்தில் உங்கள் தெரு தானாக வந்து உட்காராது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வரும்.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பகுதிக்கு வரைபடம் போட்டேன். ஓடையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை முதன்மையாக வைத்தேன். ஓடையோர வீடுகள் சிவப்பு, மேட்டு வீடுகள் பச்சை. 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தபோது, சரிவுகளில் மண் ஊறிச் சரிந்து வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. அந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் நானூறுக்கும் மேல். நான் பச்சை பூசிய சரிவு ஒன்றில் தடுப்புச் சுவர் விழுந்து கிடந்ததைப் பிறகு நேரில் பார்த்தேன். அந்தப் பச்சையை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இது எந்த ஆபத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று முதலில் கேளுங்கள். சாட்ஸ்வொர்த் மாதிரி மேடும் பள்ளமுமான இடத்தில் வெள்ளத்தோடு சரிவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஜி.ஐ.இசட். நிறுவனம் வகுத்த தாக்கச் சங்கிலி முறை இதற்குப் பொருத்தம். பெரிய தாளின் ஒரு முனையில் கனமழை, மறுமுனையில் வீடு இடிதல், நடுவில் என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி அம்புக்குறி போடுவது. அடைத்த வடிகால், மரம் வெட்டிய சரிவு, அனுமதியில்லாமல் எழுப்பிய மதில் எல்லாம் தானாக வெளியே வரும். எங்கே கை வைக்கலாம் என்பதும் தெரியும்.

அப்புறம், பழைய கதைகளைக் கேட்கத் தயங்காதீர்கள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது ‘படவட்டான் சிக்ஸ்’ என்று பெயர்பெற்ற மீனவர்கள் ஆறு பேர் படகெடுத்துப் போய் 176 பேரைக் காப்பாற்றினார்கள். 1976-இல் அதே ஆற்றங்கரையில் டின் டவுன் என்ற குடியிருப்பு மூழ்கி, அங்கிருந்தவர்கள் ஃபீனிக்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். செயற்கைக்கோளை அடிப்படையாகக் கொண்ட சிர்ப்ஸ் மழைத் தரவு 1981-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியதில் மழைமானிப் பதிவு இருக்கும். ஆனால் எந்தத் தெருவில் எவ்வளவு ஏறியது என்பது நம் தாத்தா பாட்டி வாயில்தான் இருக்கிறது, அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

2022 வெள்ளம் காலநிலை மாற்றத்தால் வந்ததா, பராமரிப்பு இல்லாததால் வந்ததா? எங்கள் வீட்டில் தினம் இதுதான் சண்டை.
(வெருலம்)

இரண்டும்தான். அந்த இரண்டு நாள் மழையை வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற ஆய்வுக் குழுவின் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். உலகம் சூடாவதற்கு முன்பு சுமார் 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய மழை, இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை ஆகியிருக்கிறது, மழையின் அளவும் 4 முதல் 8 சதவீதம் கூடியிருக்கிறது என்றார்கள். அந்த மழை யார் வீட்டுக்குள் போனது என்பதை வடிகாலும் சரிவும் வறுமையும் தீர்மானித்தன.

எனக்குக் கொஞ்சம் கரும்பும் அரை ஏக்கர் காய்கறியும். இந்தக் கருவிகளில் விவசாயிக்கு ஏதாவது உண்டா?
(சிறு விவசாயி, டோங்காட் அருகே)

உண்டு, அதுவும் உங்கள் பக்கத்திலேயே. மவுண்ட் எட்ஜ்கம்பில் இருக்கும் கரும்பு ஆய்வு நிறுவனம் 1925 முதல் இயங்குகிறது. அங்கே உருவான மைகேன்சிம், வானிலையையும் மண்ணின் நீர்ப்பிடிப்பையும் வைத்துக் கரும்பின் வளர்ச்சியைக் கணக்கிடும். 2015–16 வறட்சி மாதிரி ஓர் ஆண்டு வந்தால் விளைச்சல் எவ்வளவு குறையும், எப்போது வெட்டலாம் என்பதற்கு அது உதவும். நீங்களே கணினியில் உட்கார வேண்டும் என்பதில்லை, விரிவாக்க அலுவலரிடம் கேளுங்கள். எல்டானா தண்டுத் துளைப்பான் மட்டும் தனியாக மனதில் இருக்கட்டும். தண்ணீரின்றி வாடும் கரும்பையும் முற்றிய கரும்பையும்தான் அது அதிகம் தாக்கும். வறட்சி ஆண்டில் வெட்டைத் தள்ளிப்போட்டால் இரட்டை நஷ்டம்.

காய்கறிக்கு உலக உணவு வேளாண் நிறுவனத்தின் அக்வாகிராப் மென்பொருள் இருக்கிறது, இலவசம். ஆனால் அரை ஏக்கருக்கு அது அதிகப்படி. ஒரு மழைமானி, ஒரு நோட்டு. காலை 8 மணிக்கு அளவு, பக்கத்திலேயே அன்று செடி எப்படி இருந்தது என்று ஒரு வரி. மூன்று பருவம் எழுதினால், எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பாத்தி முதலில் வாடுகிறது என்று தெரிந்துவிடும்.

பள்ளிக்கு மழைநீர் பிடிக்க ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தொட்டி) வாங்கலாமா, அதற்கு முன் செலவு–பயன் ஆய்வு செய்ய வேண்டுமா?
(ஆசிரியை, டோங்காட்)

2022-இல் உங்கள் ஊர்க் குடிநீர் நிலையம் வெள்ளத்தில் சேதமாகிப் பல மாதம் குழாய் வறண்டு கிடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வெள்ளத்துக்குப் பிறகு வந்தது தண்ணீர்ப் பஞ்சம். இந்த முடிவுக்குப் பெரிய ஆய்வு வேண்டாம், ஒரு பக்கக் கணக்கு போதும். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, 10 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர், சிந்துவது போக 800 என்று வையுங்கள். கழிவறைக்கும் கைகழுவவும் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தேவை என்று பிள்ளைகளையே ஒரு வாரம் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் டேங்கின் அளவு தெரிந்துவிடும். குடிப்பதற்கு என்றால் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்க வேண்டாம், கூரையைத் தேய்த்துக் கழுவவும் கூடாது.

டேங்க் வைக்கும் இடத்தை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். 5,000 லிட்டர் நிரம்பினால் ஐந்து டன். சரிவின் விளிம்பிலோ, ஊறிய மண்ணிலோ, மதிலை ஒட்டியோ வேண்டாம். கெட்டித் தரையில் சமமாகக் கான்கிரீட் மேடை போட்டு, வழிந்து ஓடும் தண்ணீர் கீழ்வீட்டுச் சரிவுக்குப் போகாமல் குழாய் வைத்து வடிகாலில் விடுங்கள்.