அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதி வழியாகக் காரில் போகும்போது வித்தியாசமான இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

இண்டியானாபொலிஸிலிருந்து செயின்ட் லூயிஸுக்குப் பிள்ளைகளோடு காரில் போகிறோம், வழியில் விசித்திரமாகப் பார்க்க ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "சோளக்காடு தவிர ஒன்றுமில்லை என்கிறார்களே" என்று ஒரு வால் சேர்த்தீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சினன் பாடுவதும் இதே பாட்டுதான். ஒரு கோடையில் குடும்பத்தோடு வந்தவனை ஐ-70 சாலையில் கூட்டிப்போனேன். இல்லினாய்க்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் கேஸி என்று ஒரு எக்ஸிட் வரும். "இங்க என்ன மாமா இருக்கு?" என்றான். பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பினேன்.

மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2011-இல் ஜிம் போலின் என்ற உள்ளூர்க்காரர் 55 அடி உயரத்தில் ஒரு விண்ட் சைம், அதாவது காற்றில் ஆடி ஒலிக்கும் குழாய் மணி, செய்து நிறுத்தினார். ஊருக்கு நாலு பேர் வரட்டும் என்பதுதான் நோக்கம். அப்புறம் கை சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. 56 அடி ஆடும் நாற்காலி, ராட்சதப் பின்னல் ஊசி, கோல்ஃப் பந்தை வைத்து அடிக்கும் 'டீ' என்கிற முளை என்று வரிசையாகக் கின்னஸ் சாதனைகள். விண்ட் சைமில் கயிறு தொங்கும். இழுத்தால் குழாய்கள் மோதி, கனத்த ஓசை எழும்பும். மச்சினன் கயிற்றை விடவே இல்லை. "போதும்டா, பின்னாடி குழந்தைங்க நிக்குது" என்று அவன் அக்காவே அதட்ட வேண்டியதாயிற்று.

"இதெல்லாம் ஒரு சுற்றுலாவா" என்று சிலர் வருவீர்கள், தெரியும். கிராண்ட் கேன்யனுக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை. காலை நீட்டிக்கொள்ள இறங்கும் நேரத்தில் காசு கொடுக்காமல் சிரித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஆள் படியேறி உள்ளே போகிற அளவுக்குத் தபால் பெட்டியே வைத்திருக்கிறார்கள். நான் என் வீட்டு வாசல் தபால் பெட்டிக்குப் பச்சை பூசியதற்கு எங்கள் குடியிருப்போர் சங்கம் அபராதக் கடிதம் அனுப்பியது! கறுப்பு மட்டும்தான் பூச வேண்டுமாம். மாதாமாதம் சந்தா வாங்குகிறார்கள், பனி அள்ள மட்டும் ஆள் வராது. சரி, அதை விடுங்கள்.

தேடுகிற வழி சுலபம். மேப்பில் 'வேர்ல்ட்ஸ் லார்ஜஸ்ட்' என்று தட்டுங்கள். பெரிய நெடுஞ்சாலைகள் வந்தபிறகு கார்கள் ஊருக்குள் நுழையாமலே பறந்துவிடுகின்றன. அவற்றைத் திருப்பத்தான் பல சின்ன ஊர்கள் இப்படி ஏதாவது செய்து வைக்கின்றன. எல்லாமே அதற்காகச் செய்தவை என்றும் சொல்ல முடியாது. நீங்கள் செயின்ட் லூயிஸை நெருங்கும்போது வரும் காலின்ஸ்வில்லில் 170 அடி உயரத்தில் ஒரு கெட்சப் பாட்டில் நிற்கும். அது 1949-இல் கெட்சப் ஆலைக்காகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி. பின்னாளில் இடிபடாமல் ஊர்க்காரர்கள் காப்பாற்றிவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நேரம் இருந்தால், இண்டியானாபொலிஸுக்கு வடகிழக்கே அலெக்சாண்ட்ரியா போங்கள். மைக் கார்மைக்கேல் என்பவர் 1977-இல் ஒரு பேஸ்பாலுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்து, பூச்சு 25,000-ஐத் தாண்டி, பந்து ராட்சத அளவுக்கு ஊதிவிட்டது. போகிறவர்களும் ஒரு பூச்சு அடிக்கலாம். ஆனால் முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளுக்குப் பழைய சட்டை போட்டுவிடுங்கள்.