கேள்வி–பதில்: அவர்களுக்கு வைசாக், நமக்குச் சித்திரை

நேபாளப் புத்தாண்டும் நம்முடைய சித்திரை வருடப்பிறப்பும் ஒட்டியே வருகின்றன என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டாகிவிட்டன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் நேபாளப் பஞ்சாங்கத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கட்டாரில் வேலை செய்யும் என் மகனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நேபாளத் தம்பி, தான் 2055ஆம் ஆண்டு பிறந்ததாகச் சொல்கிறாராம். மகன் அதைப் பகிடி என்று நினைக்கிறார். உண்மையில் அது என்ன கணக்கு? – ஒரு தாய், உப்புவெளி

பதில்: பகிடி இல்லை, அம்மா. நேபாளத்தில் அரசு அலுவலகம், பாடசாலை, வங்கி, நீதிமன்றம் ஆகிய எல்லா இடங்களிலும் விக்கிரம சம்வத் என்ற ஆண்டுக் கணக்கே நடைமுறையில் இருக்கிறது. அது நாம் எழுதும் ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 56 ஆண்டு 8 மாதம் முன்னே நிற்கிறது. 2025 ஏப்ரல் 14 அன்று அங்கே பிறந்தது 2082. வைசாக் முதல் பூஸ் மாதத்தின் நடுப்பகுதி வரையிலான திகதி என்றால் 57ஐக் கழிக்க வேண்டும். ஜனவரி பிறந்த பின், அதாவது பூஸ் மாதத்தின் பிற்பாதி முதல் சைத் முடியும் வரை, 56ஐக் கழித்தால் போதும். அந்தத் தம்பி 2055 பதௌ மாதத்தில் பிறந்திருந்தால் 1998ஆம் ஆண்டுக்காரர். அதே 2055இன் மாக் மாதத்தில் பிறந்திருந்தால் 1999ஆம் ஆண்டுக்காரர். மாதத்தைக் கேட்காமல் வயதைக் கணக்கிட்டால் ஓர் ஆண்டு பிசகிவிடும் என்று மகனிடம் சொல்லுங்கள்.

அந்த நாட்டுப் பெரியவர்கள் வரலாற்றையும் இந்த எண்களிலேயே நினைவு வைத்திருக்கிறார்கள். 1934 ஜனவரி 15 அன்று காத்மாண்டுப் பள்ளத்தாக்கைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்தை அவர்கள் இன்றும் ‘தொண்ணூறாம் ஆண்டுப் பூகம்பம்’ என்றே சொல்வார்கள். அது நிகழ்ந்தது 1990ஆம் ஆண்டு, மாக் மாதம் பிறந்த மறுநாள்.

கேள்வி: வைசாக் முதலாம் நாளும் சித்திரை முதலாம் நாளும் ஒன்றென்றால், பெயர் மட்டும் ஏன் ஒரு மாதம் தள்ளி நிற்கிறது? வைசாகம் என்றால் வைகாசி அல்லவா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நிலாவெளி

பதில்: கடிதக் கட்டில் மிக நல்ல கேள்வி இதுதான். விடையும் சற்று நீளமானது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சூரியன் ஒரு இராசியில் நுழைவதிலிருந்து அடுத்த இராசியில் நுழையும் வரை ஒரு மாதம் என்பது சூரிய மாதம். பிரதமையில் தொடங்கி அமாவாசையில் முடிவது சந்திர மாதம். சைத்ரம், வைசாகம் முதலான பெயர்கள் பிறந்ததே சந்திர மாதத்துக்குத்தான்: பூரணைச் சந்திரன் எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அந்த நட்சத்திரத்தின் பெயர் மாதத்துக்கு வந்தது. சூரிய மாதத்தைக் கடைப்பிடித்தவர்கள் பிற்பாடு அந்தப் பெயர்களை இரவல் வாங்கினார்கள். வாங்கும்போதுதான் வழி பிரிந்தது.

சைத்ரம் என்ற சந்திர மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தொடங்கும் நாள்தான் தெலுங்கு மக்களின் யுகாதி. அந்த நாளில் சூரியன் இன்னும் மீன இராசியில், அதாவது நம்முடைய பங்குனியில், இருக்கும். அந்தச் சந்திர மாதம் முடிவதற்குள் சூரியன் மேடத்துக்குள் வந்துவிடும். ஆகவே ஒரே சைத்ரம் இரண்டு சூரிய மாதங்களில் கால் ஊன்றி நிற்கிறது. நேபாளத்தாரும் வங்காளத்தாரும் அது தொடங்குகிற சூரிய மாதத்துக்குச் சைத்ரம் என்று பெயரிட்டார்கள். நாம் அது முடிகிற சூரிய மாதத்துக்குச் சித்திரை என்று பெயரிட்டோம். இரண்டும் முறையானவையே. மலையாளிகள் மேடம், இடவம் என்று இராசியின் பெயரையே வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலுக்குள் வராமல் தப்பிவிட்டார்கள்.

இந்த ஒரு படி நழுவலை மனதில் வைத்துக்கொண்டால் பன்னிரண்டும் கைக்கு வந்துவிடும். அவர்களுடைய வைசாக் நமக்குச் சித்திரை, ஜேட் வைகாசி, அசார் ஆனி, சாவுன் ஆடி, பதௌ ஆவணி, அசோஜ் புரட்டாதி, கார்த்திக் ஐப்பசி, மங்சிர் கார்த்திகை, பூஸ் மார்கழி, மாக் தை, பாகுன் மாசி, சைத் பங்குனி. நாம் பொங்கல் வைக்கும் நாளில் அவர்கள் மாகே சங்கராந்தி என்று சொல்லி எள்ளுருண்டையும் நெய்யும் அவித்த வள்ளிக்கிழங்கு வகைகளும் உண்பார்கள். ‘கார்த்திக்’ என்று கேட்டவுடன் கார்த்திகை விளக்கீட்டை நினைத்துவிடாதீர்கள். அது நம்முடைய தீபாவளி மாதம்.

கேள்வி: நேபாள மாதத்துக்கு 32 நாள் கூட வருகிறதே, ஆங்கிலத் திகதிக்கு மாற்ற ஏதாவது வாய்பாடு உண்டா? – அச்சக ஊழியர், திருகோணமலை நகரம்

பதில்: வாய்பாடு இல்லை. ஆண்டு மாதத்தைக் கண்டுபிடிக்கக் கழித்தல் கணக்கு உதவும். சரியான நாளுக்கு அட்டவணைதான் கதி. கைப்பேசிச் செயலிகளும் ஒவ்வோர் ஆண்டின் மாத நீளத்தையும் பட்டியலாக வைத்துக்கொண்டே கணக்கிடுகின்றன. பூமி சூரியனுக்குத் தொலைவில் இருக்கும் யூலை மாதத்தை ஒட்டிச் சூரியன் இராசியைக் கடக்க அதிக நாள் எடுப்பதால் அந்தப் பக்கத்து மாதங்கள் 31, 32 நாட்களாகின்றன. ஜனவரியை ஒட்டியவை 29, 30 ஆகச் சுருங்குகின்றன. நம்முடைய ஆனியும் மார்கழியும் அப்படித்தானே?

அங்கே பஞ்சாங்க நிர்ணாயக சமிதி என்ற அரச அமைப்பு ஒன்று கூடித் தீர்மானித்தால் நாடு முழுவதும் அதுவே திகதி. இங்கே வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தையும் திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தையும் சொல்ல, மருத்துநீரை எப்போது வைப்பது என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கும். நமக்கும் அப்படி ஒரு சபை வேண்டும் என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். வருடப்பிறப்பு அரச விடுமுறைக்கு மட்டும் என்றால் சரி. விரதத்துக்கும் தீர்த்தத்துக்கும் ஒரு குழு நேரம் குறிப்பதை எம்மவர் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு சிறு செய்தி: நேபாள அரசின் நிதியாண்டு சாவுன் முதலாம் நாள் தொடங்குகிறது. நாம் ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சுகிற வேளையில் அவர்கள் புதுக் கணக்குப் புத்தகம் திறக்கிறார்கள்.

கேள்வி: புத்தாண்டு அசையாமல் நிற்க, அவர்களுடைய பண்டிகைகள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நகர்வது ஏன்? எங்கள் நோன்பைப் போலவா? – வாசகர், கிண்ணியா

பதில்: பாதி அப்படி, பாதி அப்படியில்லை. நேபாளத்தார் சூரிய மாதத்து நாளைக் ‘கதே’ என்றும், சந்திரனின் நாளைத் ‘திதி’ என்றும் பிரித்துச் சொல்வார்கள். பிறந்த நாள், சம்பளம், பரீட்சை எல்லாம் கதேயில் நடக்கும். பண்டிகைகளில் பெரும்பாலானவை திதியில் நடக்கும். அவர்களுடைய சுவர் நாட்காட்டியின் ஒரே கட்டத்துக்குள் இரண்டும் அச்சாகியிருக்கும்.

பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு ஏறக்குறைய 354 நாட்களே ஆவதால் திதிப் பண்டிகை ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னே வரும். உங்கள் ஹிஜ்ரி ஆண்டில் அதைத் திருத்துவதில்லை. ஆகையால் றமழான் நோன்பு சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. நேபாளத்திலும் இந்தியாவிலும் ஏறக்குறைய 32 மாதங்களுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்து, பண்டிகையை அதன் பருவத்துக்கே இழுத்துவிடுகிறார்கள். 2022இல் ஒக்டோபர் 5 அன்று வந்த விஜயதசமி, 2023இல் அதிக மாதம் சேர்ந்ததால் ஒக்டோபர் 24க்குப் போனது.

கேள்வி: அவர்களுடைய தசைன், திகார் என்பவை நம்முடைய நவராத்திரியும் தீபாவளியும்தானா? – இல்லத்தரசி, சாம்பல்தீவு

பதில்: நாள் ஒன்று, நடப்பு வேறு. தசைன் முதல் நாள் கடஸ்தாபனம். பெயரே சொல்வதுபோல் நாம் கும்பம் வைப்பதுதான். கும்பத்தோடு மண்ணில் பார்லி விதைத்து வெளிச்சம் படாமல் வைப்பார்கள். நம்முடைய முளைப்பாலிகையைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பத்தாம் நாள் மஞ்சள் நிறத்தில் வளர்ந்திருக்கும் அந்த முளைக்கு ‘ஜமரா’ என்று பெயர். நம் கோயில்களில் மானம்பூத் திருவிழாவுக்கு வாழை வெட்டும் அதே நாளில், அங்கே பெரியவர்கள் அரிசியையும் தயிரையும் செந்தூளையும் குழைத்து இளையவர் நெற்றி நிறைய இட்டு, ஜமராவைத் தலையில் சூட்டி ஆசீர்வதிப்பார்கள். நமக்கு விஜயதசமியோடு முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு அன்றுதான் உறவினர் வீடுகளுக்கான நடை தொடங்கிப் பூரணை வரை நீளும். மகன் விடுமுறை கேட்கும் காலத்தில் அந்த அறைத் தோழர் முந்திக்கொண்டால் கோபிக்க வேண்டாம் என்று உப்புவெளி அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

திகார் ஐந்து நாள். யமனின் தூதன் என்று முதல் நாள் காகத்துக்குப் படைப்பார்கள். புரட்டாதிச் சனியில் நாம் காகத்துக்குச் சோறு வைத்துக் காத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் நாய்க்கு மாலையும் பொட்டும் இட்டு விருந்து வைப்பார்கள். அது சதுர்த்தசி, நாம் எண்ணெய் தேய்த்து முழுகித் தீபாவளி கொண்டாடும் திதி. அடுத்துப் பசுவுக்கும் இலட்சுமிக்கும் பூசை. நான்காம் நாள் கோவர்த்தன பூசை. கடைசி நாள் சகோதரிகள் சகோதரர்களின் நெற்றியில் ஏழு நிறத்தில் பொட்டிட்டு வாடாமல்லி மாலை அணிவிப்பார்கள். வாடாத பூ என்பதால்தான் அந்தப் பூ.

கேள்வி: எல்லா நேபாளத்தாருக்கும் வைசாக்தான் புத்தாண்டா? – மாணவி, திருகோணமலை

பதில்: இல்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்களுக்கு நேபாள சம்வத் என்ற தனி ஆண்டு உண்டு, கி.பி. 879இல் தொடங்கிய அது திகாரின் நான்காம் நாளில் பிறக்கும். சங்கதர் சாக்வா என்ற வணிகர் மக்களின் கடனையெல்லாம் அடைத்ததன் நினைவாக அது ஏற்பட்டது என்பது மரபு. குரூங் மக்கள் பூஸ் 15 அன்றும் தாரு மக்கள் மாக் முதலாம் நாளன்றும் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள்.

கேள்வி: காத்மாண்டுவுக்கு அருகிலும் ஒரு கோகர்ணம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கே தந்தையருக்குச் செய்யும் கடமை நம்முடைய ஆடி அமாவாசையில் வருமா? – கோணேசர் கோயிலடி வாசகர்

பதில்: வாக்மதி ஆற்றங்கரையில் கோகர்ணேசுவரர் கோயில் இருக்கிறது. கோகர்ணம் என்பது நம்முடைய ஊருக்கும் பழம்பெயர் என்பதால் உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது. தந்தையை இழந்தவர்கள் அங்கே திரண்டு நீராடிப் பிண்டம் இடுவது பதௌ தேய்பிறையின் முடிவில் வரும் குஷே அவுன்சி என்ற அமாவாசையில். அவுன்சி என்பது அவர்கள் பேச்சில் அமாவாசை. தாயை இழந்தவர்களுக்கு வைசாகத் தேய்பிறையில் மாதாதீர்த்த அவுன்சி என்று வேறொரு நாள் உண்டு. தாய்க்குச் சித்திரைப் பூரணை, தந்தைக்கு ஆடி அமாவாசை என்று நாம் வைத்திருப்பதற்கு இவ்வளவு நெருக்கமான இணையை நான் வேறெங்கும் கண்டதில்லை. தாய்க்குரிய நாட்கள் அரை மாத அளவில் முன்பின்னாக வரும். தந்தைக்குரிய நாள் அங்கே ஒரு மாதம் பிந்தும்: 2024இல் நமக்கு ஓகஸ்ட் 4, அவர்களுக்கு செப்டெம்பர் 2. ஆகவே பயணச்சீட்டு எடுப்பதானால் ஆவணி அமாவாசையைப் பார்த்து எடுங்கள். ஆடி அமாவாசைக்கு இங்கேயே கடலில் தீர்த்தமாடிவிட்டுப் புறப்படலாம்.