பதினோராம் கேள்வி

அன்புள்ள ஐயா,

நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், உளவியலும் ஒரு பாடம். மனித நடத்தையைப் படிப்பது கலையா, விஞ்ஞானமா என்று வகுப்பில் விவாதம் வைத்தார்கள். விஞ்ஞானம் என்று பேசித் தோற்றுவிட்டேன். 'மனிதனை எண்ணிக்கையில் அடக்க முடியாது' என்று எதிரணி சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். மருத்துவம் படிக்கும் மச்சான் வேறு, 'இரத்தத்தைச் சோதிக்கலாம், மனசை எதில் ஊற்றிச் சோதிப்பாய்?' என்று சிரிக்கிறான். உங்கள் முடிவு என்ன? ஃப்ராய்டை விஞ்ஞானி என்று சொல்லலாமா? கைபேசி வந்தபிறகு மனித நடத்தை மாறிவிட்டதா? கடலோரக் கிராமங்களில் நான் செய்யப்போகும் ஆய்வுக்கான வினாக்கொத்தை இணைத்திருக்கிறேன். 32 கேள்விகள். பார்த்துச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஃப்ராய்டை விடுங்கள். அவரை வைத்துச் சண்டை பிடிக்க உங்கள் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். கைபேசியைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம். அதனால் என் மகள் இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை.

கலையா விஞ்ஞானமா என்ற கேள்விக்கு வருவோம். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்த பிள்ளைக்கு நம் ஊரில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும், நானும் கலைப்பிரிவுதான். கலியாண வீட்டில் 'தம்பி என்ன படிக்கிறார்?' என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இருக்கும் பயோ பிள்ளையிடம் திரும்பிவிடுவார்கள். உங்களுக்கு வலிப்பது அங்கேதான். ஜெர்மன் உளவியலாளர் வூண்ட் 1879இல் லைப்சிக்கில் உளவியலுக்கென்று ஆய்வுகூடம் திறந்தது உங்கள் மச்சானின் வாயை அடைக்க அல்ல.

அந்தக் கைதட்டல்தான் எனக்குக் கோபம். 'மனிதனை எண்ணிக்கையில் அடக்க முடியாது.' நல்ல வசனம், சோம்பேறிகளுக்கு வசதியான வசனமும்கூட. சுனாமிக்குப் பிறகு ஆறுதல் சொல்ல நம் கரைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். இளகிய மனம் உள்ளவர்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் சிலர் சனத்தை வட்டமாக உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே இருப்பில் சொல்லவைத்து, அழவைத்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பதால் பிற்கால மனப்பாதிப்பு குறைவதில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று 2002 அளவிலேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். அது எப்படித் தெரியவந்தது? எண்ணிப் பார்த்ததால் தம்பி. எதிரணி கைதட்டு வாங்கும்போது இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? 2015இல் உளவியலாளர்களே தங்கள் துறையின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஏறத்தாழ 36 சதவீதத்தில்தான் தெளிவான முடிவு மறுபடி வந்தது. வெட்கக்கேடு என்கிறார்கள் சிலர். எனக்கு மரியாதைதான் கூடியது. எங்கள் ஊரில் தெய்வமேறி வாக்குச் சொல்பவர் எவராவது, சொன்னதில் எத்தனை பலித்தது என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாரா?

சரி, வினாக்கொத்து. உங்கள் பதினோராம் கேள்வி: 'இரவில் நித்திரை கொள்வதில் சிரமம் உண்டா? 0 முதல் 4 வரை.'

இதே கேள்வியை நான் 2005இல் கேட்டுத் திரிந்தேன். ஏதோ ஒரு நிறுவனம், ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று காசு. நாவலடியில் வீடு இழந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடம், கடல் இரைச்சல் கேட்கிற தூரம். ஒரு பெத்தா (எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிவாரண அரிசி, கல் அதிகம். நான் கேட்கக் கேட்க, கல்லைப் பொறுக்கிப் பக்கத்தில் ஒரு சிரட்டையில் போட்டபடியே பதில் சொன்னார்.

"ராவைக்கு நித்திரை வருமா பெத்தா?"

"பகல்ல கொள்ளுறன் மனே."

"ராவைக்கு?"

"ராவையில கடலப் பாக்க ஆள் வேணாமா?"

படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை. 4இல் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அன்றைக்கு இன்னும் பதினைந்து படிவம் முடிக்கவேண்டும்.

பிறகு ஒருநாள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அங்கேயே படுத்தேன். நடுச்சாமத்தில் எழும்பிப் பார்த்தால் பள்ளிக்கூடப் படிக்கட்டில் பெத்தா உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு டோர்ச். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் வந்தார், டோர்ச் கைமாறியது. முன்சாமம், நடுச்சாமம், விடியச்சாமம் என்று மூன்று பேர் முறை வைத்திருந்தார்கள். மார்ச் 28 இரவு சுமாத்திராப் பக்கம் மறுபடி பூமி அதிர்ந்து, அலை வருகிறது என்று சனமெல்லாம் இருட்டில் ஓடிய பிறகு தொடங்கியது இது. அலை வரவில்லை. காவல் நின்றுவிட்டது.

அதாவது, நிலைத்துவிட்டது.

நான் 'மனப்பாதிப்பு' என்று புள்ளி போட்டது ஒரு ஊர் தனக்கு ஏற்படுத்திக்கொண்ட காவல். அப்புறம் வருடக்கணக்காக இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். படிவம் தோற்றது, மனிதர் வென்றார் என்று எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள். உங்கள் எதிரணிக்குக் கிடைத்த அதே கைதட்டு. உளவியல் சஞ்சிகைகளில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் மேற்கத்திய நாட்டவர், உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம் என்று ஒரு கணக்கு வந்தபோது, பார்த்தீர்களா என்று இன்னும் உரத்துச் சொன்னேன்.

ஆனால் அந்தக் குடும்பங்களுக்குத் திராய்மடுவில் வீடு கிடைத்தபிறகு வேறொரு வேலையாக அங்கே போனேன். அங்கிருந்து கடல் தெரியாது, இரைச்சலும் இல்லை. பெத்தா என்னை அடையாளம் கண்டு தேத்தண்ணி தந்தார். இருட்டும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். இரவு காவல் இருக்கிறாரா என்று சிரித்துக்கொண்டு கேட்டேன். மகள்தான் பதில் சொன்னார்: "எங்க நித்திர கொள்ளுறா? விடியும்வரைக்கும் திண்ணையிலதான்." டோர்ச்சுக்கு பெற்றரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றும் சொன்னார்.

அப்போது அந்த 4 சரிதானா? காவல் என்பது நித்திரை வராத ஒருவர் தனக்குக் கண்டுபிடித்த வேலையா? அல்லது காவலிருந்து காவலிருந்து நித்திரை கெட்டதா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2005இல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 'ஏன்' என்று ஒரு சொல், ஒரு நிமிடம்தான் ஆகும். கேட்கவில்லை, படிவத்துக்குக் காசு கிடைக்கும் அவசரம். கலையும் விஞ்ஞானமும் அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னோடு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன், பேனையோடு.

வினாக்கொத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 32இல் 14ஐ வெட்டிவிட்டேன், கோபிக்கவேண்டாம். 'மனவெழுச்சி நிலை' என்ற சொல் உங்கள் அம்மாவுக்கு விளங்குமா என்று கேட்டுப்பாருங்கள். பதினோராம் கேள்வியை வெட்டவில்லை. பக்கத்தில் நாலு கோடு எழுத இடம் விட்டிருக்கிறேன், அதைத் தட்டச்சில் சுருக்கிவிடாதீர்கள். ஒரே வீட்டுக்கு இரண்டாம் தரம் போக நாள் ஒதுக்குங்கள், மூன்று மாதம் கழித்து.

வருகிற சனிக்கிழமை நான் திராய்மடுப் பக்கம் போகிறேன். வருவதென்றால் வாருங்கள். சப்பாத்து வேண்டாம், செருப்புப் போதும்.