சீட்டு, ஸ்பூன், 53 சதவீதம்: ஞானதிருஷ்டிக்கு ஆதாரம் உண்டா?

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். டெலிபதி (அடுத்தவர் மனத்தில் இருப்பதை அறிவது), ஞானதிருஷ்டி (கண்ணில் படாததை அறிவது) பற்றிய ஆய்வுகளைப் படிப்பது நாற்பது வருடப் பழக்கம். நம்பித்தான் ஆரம்பித்தேன். இப்போது நம்புவதில்லை. இதைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஜாதகத்தோடு வந்தவர்கள் மன்னிக்கவும்.

சார், எங்கள் அம்மாவுக்கு ஒருநாள் விடிகாலையில் மாமா இறந்துபோவதுபோல் கனவு வந்தது. அழுதுகொண்டே எழுந்தார். காலை எட்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்துவிட்டது. இதைத் தற்செயல் என்று சொன்னால் அம்மா அடிக்க வருவார்! (ஒரு பள்ளி ஆசிரியை, திருச்சி)

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் அம்மா. அவர் கண்ட கனவு உண்மை, வந்த போனும் உண்மை. கணக்கை மட்டும் நாம் போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 7 கோடிப் பேர் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் 50 வருடத்தில் நெருங்கிய 5 பேரைப் பறிகொடுக்கிறார்கள். அந்த ஐவரில் ஒவ்வொருவரும் இறப்பதுபோல் 50 வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி கனவு வருகிறது. 50 வருடம் என்றால் 18,250 ராத்திரி. கனவும் சாவும் ஒரே ராத்திரியில் விழ 18,250-இல் ஒரு வாய்ப்பு. பெருக்கி வகுத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 380 பேர், அதாவது நாளுக்கு ஒருவர். எந்தச் சக்தியும் இல்லாமலே தமிழ்நாட்டில் தினம் ஒரு வீட்டில் இப்படி நடக்கும். மாமா முன்பே படுக்கையில் இருந்தவர் என்றால் அவரைப் பற்றிய கனவும் அதிகம் வரும், எண்ணிக்கையும் ஏறும்.

பலிக்காத கனவை யாரும் போன் போட்டுச் சொல்வதில்லை. "மாமா செத்த மாதிரி கனவு கண்டேன், நல்லாத்தான் இருக்கிறார்" என்று யார் சொல்வார்கள், அபசகுனமாக?

கனவை விடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சீட்டு வைத்து நிரூபித்தார்களே? (தனியார் நிறுவன ஊழியர், கோவை)

டியூக் பல்கலைக்கழகம், ஆய்வாளர் ஜே.பி. ரைன். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என ஐந்து குறி, ஒவ்வொன்றிலும் ஐந்து, மொத்தம் 25 அட்டை. பார்க்காமலே குறியைச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரி 5 சரியாக வரும். அதற்கு மேல் தொடர்ந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்று 1934-இல் புத்தகம் போட்டார்.

அதைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் நானும் செய்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, கறுப்பு இங்கில் குறி போட்டேன். அறைத்தோழன் 25-க்கு 11 சொன்னான். அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. தற்செயலாக 11 வர ஏறத்தாழ 180-இல் ஒரு வாய்ப்புதான். மறுநாள் மேசை விளக்கை அட்டைக்குப் பின்னால் நகர்த்தியபோதுதான் தெரிந்தது, இங்க் ஊறிப்போய் நட்சத்திரத்தின் முனைகள் பின்பக்கம் லேசாகத் தெரிந்தன. அவன் ஏமாற்றவில்லை. "ஏதோ தோணிச்சுடா" என்றான், அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியிருக்கும். அட்டையை உறைக்குள் போட்டு மறுபடி செய்தோம்: 6, 4, 5.

ரைனுக்கும் இதே வில்லங்கம் வந்தது. கடையில் விற்ற அவருடைய அட்டைகளிலும், வெளிச்சம் ஒரு கோணத்தில் பட்டால் குறி பின்பக்கம் தெரிந்தது. பிறகு திரை வைத்தார், விதிகளை இறுக்கினார். நேர்மையான மனிதர். 1974-இல் அவருடைய நிறுவனத்தின் இயக்குநரே கருவியில் கைவைத்துப் பிடிபட்டபோது, அந்தச் செய்தியை ரைனே வெளியிட்டார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விதி இறுக இறுக, பெரிய எண்கள் காணாமல் போயின.

விஞ்ஞானிகளுக்குத் தெரியாததா மேஜிக்காரருக்குத் தெரியப்போகிறது? ஏன் எப்போதும் ஜேம்ஸ் ராண்டியை இழுக்கிறீர்கள்?

அணுவுக்கு ஏமாற்றத் தெரியாது சார். அதோடு பழகியவர்கள் மனிதனிடம் ஏமாறுவார்கள்.

1979-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 5 லட்சம் டாலர் நன்கொடையில் ஓர் ஆய்வகம் திறந்தார்கள். தலைவர் ஓர் இயற்பியலாளர். மனோசக்தி உள்ளவர்கள் என்று தேர்வானவர்களில் இரண்டு பையன்கள், ஸ்டீவ் ஷா, மைக்கேல் எட்வர்ட்ஸ். இருவரும் ராண்டி அனுப்பிய மேஜிக் பையன்கள். "மேஜிக் செய்கிறாயா?" என்று யாராவது நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

மனத்தாலேயே ஸ்பூனை வளைக்க முடிகிறதா என்று பார்க்க, ஸ்பூன் ஒவ்வொன்றையும் அளந்து, எண் எழுதிய சீட்டை நூலில் கோத்துக் கட்டி வைத்திருந்தார்கள். பையன்கள் செய்தது ஒன்றுதான்: சீட்டை மாற்றிக் கட்டினார்கள். திரும்ப அளந்தால் எல்லா ஸ்பூனுமே வளைந்திருக்கும்! என்னென்ன ஏமாற்று நடக்கலாம் என்று முன்பே பட்டியல் போட்டு, உதவிக்கு வருகிறேன் என்று ராண்டி எழுதியும் இருந்தார். 1983-இல் அவரே குட்டை உடைத்தார். ஆய்வகம் கொஞ்ச காலத்தில் மூடப்பட்டது.

பையன்கள் செய்தது நியாயமா என்று அன்றும் சண்டை, இன்றும் சண்டை. எனக்கே அதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு.

ஐயா, எங்கட அப்பப்பா கோவூர் மாஸ்டரைப் பற்றி அடிக்கடி கதைப்பார். பேயில்லை எண்டு சுடலையில படுத்தவர் எண்டெல்லாம் சொல்லுவார். உண்மையில ஆர் அவர்? (யாழ்ப்பாணம்)

சுடலைக் கதையை அப்பப்பாவிடமே கேளுங்கள் தம்பி. ஆபிரகாம் கோவூர் 1898-இல் கேரளத்துத் திருவல்லாவில் பாதிரியார் வீட்டில் பிறந்தவர். 1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்தார். 1959-இல் கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியில் ஓய்வுபெற்றார். 1963-இல் அற்புதம் செய்பவர்களுக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று சவால் விட்டார். 1978-இல் இறக்கும்வரை யாரும் வாங்கவில்லை. தன் எலும்புக்கூட்டை தர்ஸ்டன் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்தவர். கோவைப் பக்கம் போத்தனூரில் இருந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் சவாலைத் தொடர்ந்தார்.

சவாலின் பட்டியலில் எனக்குப் பிடித்தது, உறையில் மூடி வைத்த ரூபாய் நோட்டின் எண்ணை வாசிப்பது. "உங்கள் வீட்டில் ஒரு மனக்குறை இருக்கிறது" என்பதுபோல் அதில் வளைக்க எதுவுமில்லை. எண் சரி, இல்லாவிட்டால் தப்பு.

2011-இல் ஒரு பெரிய உளவியல் பேராசிரியர் எதிர்காலத்தை உணர முடியும் என்று நிரூபித்துவிட்டாரே. அதை ஏன் மறைக்கிறீர்கள்? (ஆய்வு மாணவர், சென்னை)

மறைக்கவில்லை, அதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம். ஒன்பது பரிசோதனை, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். கணினித் திரையில் இரண்டு திரைச்சீலை, ஒன்றின் பின்னால் படம். மாணவர் ஒன்றைத் தொட்ட பிறகுதான் படம் எங்கே என்று கணினி முடிவு செய்யும். ஆபாசப் படங்களில் 53 சதவீதம் சரி. மற்றப் படங்களில் 50-ஐத் தாண்டவில்லை.

53 சின்ன எண், ஆனால் அந்த ஆய்வு வந்தது துறையின் முதல்தரப் பத்திரிகையில். செய்தவர் மோசடிக்காரர் அல்ல, எல்லோரும் செய்ததைத்தான் செய்தார். எல்லோருடைய வயிற்றிலும் புளியைக் கரைத்தது அதுதான். எந்தப் பிரிவில் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்று ஆய்வாளர் போகிற போக்கில் முடிவு செய்யலாம் என்றால், இதே முறையில் எதையும் நிரூபிக்கலாமே! மூன்று ஆய்வகங்கள் ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்து ஒன்றும் வராமல் அதே பத்திரிகைக்கு அனுப்பின. மறுபரிசோதனைகளை நாங்கள் போடுவதில்லை என்று திருப்பிவிட்டார்கள். பிறகு 2015-இல் 100 சாதாரண உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். தேறியது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

பெம்மின் படப் பரிசோதனைக்கு 2023-இல் முடிவு வந்தது. நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, எந்த எண் வந்தால் யார் ஒத்துக்கொள்வது என்று முதலிலேயே எழுதிவைத்தார்கள். 10 ஆய்வகங்கள், 37,836 முயற்சிகள், பதிவுகள் உடனுக்குடன் பொதுவெளியில். சரியானவை 49.89 சதவீதம்.

எத்தனை ஆதாரம் காட்டினாலும் நீங்கள் ஏற்கப்போவதில்லை. நாத்திகமும் ஒரு மூடநம்பிக்கைதான்.

கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. படிக்காமலே சிரிக்கிற பகுத்தறிவாளர்களை நானும் பார்த்திருக்கிறேன். கான்ஸ்ஃபெல்ட் என்று ஒரு முறை உண்டு: பாதி பிங்பாங் பந்தால் கண்ணை மூடி, சிவப்பு விளக்கு, காதில் இரைச்சல். வேறு அறையில் ஒருவர் பார்க்கும் படத்தை நான்கில் ஒன்றாகச் சொல்ல வேண்டும். 25 சதவீதம் வர வேண்டிய இடத்தில் சுமார் 32 வந்ததாக 1994-இல் வெளியிட்டார்கள். 1999-இல் 30 ஆய்வுகளைக் கூட்டிய இருவர் ஒன்றுமில்லை என்றார்கள். இன்னும் சிலதைச் சேர்த்தால் மறுபடி வருகிறது என்றது எதிர்த் தரப்பு. அந்த வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வேறு அறையிலிருந்து கேமரா வழியாக வெறித்துப் பார்த்தால் உடல் உணருமா என்று, நம்பாத ரிச்சர்ட் வைஸ்மனும் நம்பும் மர்லின் ஷ்லிட்ஸும் ஒரே ஆய்வகத்தில், ஒரே கருவியில் சோதித்தார்கள். அவருக்கு வரவில்லை, அந்த அம்மாவுக்கு வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. 2006-இல் வெளியான மூன்றாம் முறையில் இருவருக்கும் வரவில்லை. முதல் இரண்டுக்கும் என்ன காரணம் என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

சி.ஐ.ஏ. கூட நம்பியதாமே?

தூரத்தில் இருப்பதை மனத்தாலேயே பார்ப்பதாகச் சொன்னவர்களை அமெரிக்க அரசு உளவுக்குப் பயன்படுத்திப் பார்த்தது: சுமார் 20 வருடம், 2 கோடி டாலர். 1995-இல் மதிப்பிட இருவரை வைத்தார்கள். புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸ் ஏதோ இருக்கிறது என்றார், உளவியலாளர் ரே ஹைமன் இல்லை என்றார். உளவுக்கு உதவிய தகவல் ஒன்றும் தேறவில்லை, கடையைச் சாத்தினார்கள்.

நாடி ஜோசியத்தில் அப்பா பெயரைச் சொன்னார்கள் சார்!

அதற்கு முன் எத்தனை ஓலைக்கு "ஆமாம், இல்லை" சொன்னீர்கள்? அடுத்த முறை வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள்.

என் பிரெண்டு சீட்டைப் பார்க்காமலே சொல்லுவான் அங்கிள். எப்படி டெஸ்ட் செய்வது? (பத்தாம் வகுப்பு)

25 சீட்டு, கெட்டி அட்டையில், உறைக்குள். கலைப்பது நீ இல்லை, விடை தெரியாத மூன்றாவது ஆள். நண்பன் ஒரு அறை, சீட்டு வேறு அறை. எத்தனை சுற்று, எத்தனை வந்தால் ஜெயித்ததாக அர்த்தம் என்று முதலிலேயே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரே சுற்றில் 10 வந்தால் குதிக்காதே, 60 பேர் உள்ள வகுப்பில் ஒருத்தனுக்கு அது சும்மாவே வரும். நான்கு சுற்று வை. "இன்னிக்கு மூட் இல்லை" என்றால் அந்தச் சுற்றையும் கணக்கில் சேர். முடிவை எனக்கு எழுது, 5 வந்தாலும் எழுது.