மறுநாள் வரும் பூ: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் கதைகளை நாலைந்து வருடமாகப் படித்து வருகிறேன். ஆனால் இது கதையைப் பற்றிய கடிதம் இல்லை.

எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இப்போது வேலை மதுரையில், கோச்சடையில் வாடகை வீடு. அப்பா இறந்தபிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அப்பா அம்மாவை அடிப்பார். விவரம் தெரிந்த நாளிலிருந்து பத்தாவது முடிக்கும் வரை அதைப் பார்த்தே வளர்ந்தேன். என் மனைவியிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு ராத்திரியானால் சீரியல் வேண்டும். ‘எதிர்நீச்சல்’ ஓடிய இரண்டு வருடமும் ஒருநாள் விட்டதில்லை. இப்போது வேறு தொடர்கள். எதைப் போட்டாலும் யாராவது ஒருத்தி அடி வாங்குகிறாள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தால் அதையே மூன்று பக்கமிருந்து மூன்று தடவை காட்டுகிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைகிறது. போன வாரம் பொறுக்க முடியாமல் ரிமோட்டை வாங்கி அணைத்துவிட்டேன். “ஏன்டா நிப்பாட்டுன? இப்பத்தான் அவ எதுத்துப் பேசப் போறா” என்றார் அம்மா. எனக்குப் பேச்சு வரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ‘எதிர்நீச்சல்’ ஓடிய காலத்தில் என் பையன் ஒன்றாம் வகுப்பு. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அந்தத் தொடரில் வரும் வீட்டுப் பெரியவர் மாதிரியே தன் அம்மாவை “ஏய், இந்தாம்மா” என்று அதட்டிக் கூப்பிடுவான். வீடே சிரிக்கும். நானும் சிரித்தேன். என் அம்மா மட்டும் சிரிக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

இந்தத் தொடர்களைத் தடை செய்தால் என்ன? என் வீட்டிலாவது நிறுத்திவிடவா?

ஒரு வாசகர்
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

டிவியை நிறுத்தாதீர்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான். ஏன் என்று சொல்ல, நான் வளர்ந்த காம்பவுண்டுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

செல்லூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரு குழாய். நான் பத்தாவது படித்த வருடம். ‘மெட்டி ஒலி’ ஓடிக்கொண்டிருந்த காலம். அந்தத் தொடரில் ஒரு பெண் மாமியாரிடமும் புருஷனிடமும் பட்ட பாட்டுக்கு எங்கள் காம்பவுண்டே சேர்ந்து அழுதது. அதே காம்பவுண்டின் நான்காவது வீட்டில் ஓர் அக்கா அடி வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே சத்தம் கேட்க ஆரம்பித்ததும் எங்கள் அம்மா எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டுவார். பக்கத்து வீட்டிலும் கூட்டுவார்கள். ஆறு வீட்டில் ஒருவர்கூட அந்தக் கதவைத் தட்டியதில்லை. நானும் தட்டவில்லை.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நல்ல மனிதர். இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். நடுராத்திரியில் யாருக்கு முடியாமல் போனாலும் வண்டியில் உட்காரவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவர்தான். பரீட்சைக்கு எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த அண்ணன் தன் மனைவியை மாதத்தில் இரண்டு மூன்று முறை அடித்தார்.

அடித்த மறுநாள் பூ வரும். தை மாதத்தில் மதுரையில் மல்லி யானை விலை விற்கும், உங்களுக்கே தெரியும். அந்த மாதத்திலும் நாலு முழம் வரும். காலையில் குழாயடிக்கு அந்த அக்கா தலை நிறையப் பூவோடு குடத்தை எடுத்துக்கொண்டு வந்தால், விசேஷம் எதுவும் இல்லாத நாளாக இருந்தால், முந்தின ராத்திரி என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். முதல் வீட்டுப் பாட்டி மட்டும் பொதுவாகச் சொல்வார்: “அடிக்கிற கைதான் அணைக்கும்.” அந்த அக்கா தலையாட்டுவார். ஒருமுறை எங்கள் அம்மா வாய்விட்டுக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. “ச்சே, டிவியில வர்றவன் மாதிரியெல்லாம் இல்லக்கா இவரு. கோவம்தான். மறுநாளே சரியாயிடுவாரு.”

தம்பி, தொடர்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் முழுக்க அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அவை அடியைக் காட்டுகின்றன என்பது என் குறை இல்லை. அடிக்கிறவனுக்கு ஒரு முறுக்கு மீசை, அவன் வருகிறான் என்று சொல்ல ஒரு தனி இசை, கத்திப் பேச ஒரு மாமியார் என்று கொடுத்துவிடுகிறார்கள். பார்க்கிற பெண் தன் வீட்டுக்காரரைத் திரையில் இருப்பவனோடு வைத்துப் பார்க்கிறாள். ஒத்துப்போகவில்லை. அப்போது நம் வீட்டில் நடப்பது அது இல்லை என்று முடிவு செய்துகொள்கிறாள். அடி விழும் ராத்திரியைக் காட்டுகிறார்கள். மறுநாள் வரும் பூவைக் காட்டுவதில்லை. அவளை அந்த வீட்டில் கட்டிப்போடுவதே அந்தப் பூதான். இனிமேல் நடக்காது என்று அவள் நம்புகிறாள், அவரும் அந்த நேரத்தில் நிஜமாகவே நம்புகிறார்.

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கல்யாணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு. கணக்குப் போட்டால் இரண்டு வீடு வருகிறது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த இன்னொரு வீடு எது என்று இப்போதும் சில ராத்திரிகளில் யோசிப்பேன். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: நாடு முழுக்க வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 14 சதவீதம்தான்.

அந்த அக்காவுக்கு ஏழு வயதில் ஒரு பையன். அவனைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் சொல்ல வேண்டும். அவன் அப்பாவிடம் டிவிஎஸ் 50 இருந்தது. வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படி என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் எழுதிக்கொண்டிருக்கும் வீட்டுப்பாடத்தைத் தொடர்வான். படாரென்று விழுந்தால் எழுந்து ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் மோந்துகொண்டு நிலைப்படியில் நிற்பான். செருப்புகளை வரிசையாக வைப்பான். தங்கச்சி இறைத்துப் போட்ட சாமான்களைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளுவான். அடிப்பதற்குக் காரணம் எதுவும் அப்பாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அந்தப் பிள்ளை பாடுபட்டான். அப்படியும் அடி விழுந்தால் தான் எதையோ விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வான். காலையில் வயிற்று வலி என்பான். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுவான். படிக்கப் பிடிக்காமல் இல்லை, அம்மாவைத் தனியாக விட்டுப் போக அவனுக்குப் பயம்.

எந்தத் தொடரிலாவது இந்தப் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே அடி விழும்போது குழந்தையை யாராவது உள்ளே கூட்டிப் போய்விடுவார்கள். இல்லையென்றால் மூலையில் நின்று அழும், அடுத்த வாரம் பிறந்தநாள் கொண்டாடும். உங்களுக்கு வயிற்றைப் பிசைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது டிவியில் விழும் அந்த அறைக்காக இருக்காது. உங்களுக்கும் சின்ன வயதில் ஸ்டாண்டு சத்தம் போல ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், தொடர்கள் அதைத் தப்பாகவே சொல்லிக் கொடுக்கின்றன என்பதால். சண்டை முற்றினால் பெண் பெட்டியோடு வாசலில் நிற்பாள், மழை பெய்யும். இதை எத்தனை தொடரில் பார்த்துவிட்டோம்! குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வீடு யார் பேரில் இருந்தாலும், வாழ வந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது அது. கை நீட்டுவது மட்டும் வன்முறை இல்லை. கேவலமாக வைவது, செலவுக்குக் காசு கொடுக்காமல் விடுவது, அவள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும்.

“அவரை ஜெயில்ல போட வேணாம், அடிக்காம இருந்தாப் போதும்” என்று எத்தனையோ பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சட்டம் கிட்டத்தட்ட அவர்களுக்காகவே எழுதப்பட்டது. மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால் அவர் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பார். அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அதை மீறினால்தான் சிறை, ஒரு வருடம் வரை. தொடர்களில் நான் பார்த்ததெல்லாம் காசு வாங்கிய இன்ஸ்பெக்டரைத்தான். பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

வேறு மாதிரியும் கதை சொல்ல முடியும். பிரிட்டனில் 1951 முதல் ஓடும் ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற வானொலித் தொடரில் ஒரு கணவன் தன் மனைவியை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கைக்குள் கொண்டுவருகிறான் என்பதை இரண்டு மூன்று வருடம் நிதானமாகச் சொன்னார்கள். பெரும்பாலும் அடியே இல்லை. அவள் என்ன உடுத்துவது, யாரிடம் பேசுவது, எல்லாம் அன்பாகச் சொல்வது போலவே இருக்கும். 2016இல் அது உச்சத்துக்கு வந்தபோது, கேட்டவர்கள் தாங்களாகவே சேர்ந்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். இழுத்துக் கதை சொல்ல நம் தொடர்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயிரம் எபிசோடு கையில் இருக்கிறது. அந்த நிதானத்தில் பூ வரும் காலையையும், செம்போடு நிற்கும் பையனையும் காட்டலாமே. காட்சி முடிந்ததும் திரையின் கீழே பெண்கள் உதவி எண் 181 என்று பெரிதாகப் போடலாமே. இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும் எண் அது.

தடை கேட்கிறீர்கள். தடை போட்டால் திரையிலும் சத்தம் நின்றுவிடும், அவ்வளவுதான். எங்கள் காம்பவுண்டில் டிவி சத்தத்தைக் கூட்டி மறைத்தோம். இப்போது அணைத்து மறைப்போம்.

அப்புறம் உங்கள் பையன். அவனைத் திட்டாதீர்கள். ‘எதிர்நீச்சல்’ தொடரில் “ஏய், இந்தாம்மா” என்று அதட்டும் அந்தப் பாத்திரத்தில் நடித்த மாரிமுத்து அபாரமான நடிகர், 2023 செப்டம்பரில் காலமாகிவிட்டார். வீட்டுப் பெண்களை நடுங்கவைக்கும் ஒரு மனிதனை அவர் அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார். அந்த அதட்டலை எடுத்து மீம் போட்டு, கைதட்டிச் சிரித்தது நாம்தான். அந்த வார்த்தையைக் கேட்டால் பாட்டிக்கு மனசு கஷ்டப்படுகிறது என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், அவன் வயதுக்குத் தகுந்த மாதிரி உண்மையைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்கள் மனைவியிடம் முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அம்மா அடியைப் பார்ப்பதற்காக உட்காரவில்லை தம்பி. அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறாரே: அவ எதுத்துப் பேசப் போறா என்று. தான் பேச நினைத்துப் பேசாமல் விட்ட வார்த்தையை யாரோ ஒருத்தி இன்றைக்குப் பேசுகிறாளா என்று காத்திருக்கிறார். நீங்கள் சரியாக அந்த இடத்தில் ரிமோட்டைப் பிடுங்கிவிட்டீர்கள்.

இன்று ராத்திரி பக்கத்தில் போய் உட்காருங்கள். விளம்பரம் போடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு, “நீயா இருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?” என்று கேளுங்கள். முதல் நாள் “போடா” என்பார். பரவாயில்லை, மறுநாளும் உட்காருங்கள். அவர் ஏதாவது சொன்னால், எழுத மனமிருந்தால், எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா