வால்பாறை: காட்டுத் துண்டுகளும் நடுவே ஓடும் ரோடும் (கேள்வி பதில்)

ஆனைமலையிலும், வால்பாறைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிக் கிடக்கும் சோலைகளிலும் கள வேலை பார்ப்பவன் என்பதால் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இந்த வாரம் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கே தங்கலாம், எந்த மாதம் வரலாம் என்று கேட்க நினைப்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து: ஆனைமலைப் புலிகள் காப்பகமே அவ்வளவு பெரிது. எஸ்டேட்டுக்குள் இருக்கும் குட்டிச் சோலைகளுக்காக ஏன் இவ்வளவு பேச்சு?

காப்பகம் பெரிதுதான். 2007-இல் அறிவித்தார்கள், மையப்பகுதியும் வெளிப்பகுதியும் சேர்த்தால் ஏறக்குறைய 1,480 சதுர கிலோமீட்டர். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நட்ட நடுவே சுமார் 220 சதுர கிலோமீட்டருக்கு வால்பாறை மேட்டுநிலம் உட்கார்ந்திருக்கிறது. 1890-களில் காப்பிக்காக வெட்ட ஆரம்பித்து, பிறகு தேயிலைக்காக வழித்தெடுத்த மழைக்காடு அது. செங்குத்துச் சரிவு, ஆற்றோரம், பாறை என்று நடவுக்கு ஆகாத இடங்களில் மட்டும் காடு தப்பியது. ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து மறுபக்கம் போக யானைக்கும் இருவாச்சிப் பறவைக்கும் இந்தத் துண்டுகள்தான் வழி.

துண்டு சிறிதாக ஆக, ஓரம் கூடும். பெரிய காட்டுக்குள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் நிழலும் ஈரமுமாக இருக்கும். பத்து ஏக்கர் சோலைக்கு நாலு பக்கமும் வெயிலும் காற்றும் அடிக்கிறது. பெரிய மரங்கள் ஒவ்வொன்றாகச் சாயும், விழுந்த இடத்தில் உண்ணிச்செடி என்ற களை ஏறிக்கொள்ளும். இருவாச்சிக்குக் கூடு வைக்கக் கிழட்டு மரத்தின் பொந்து வேண்டும், அது இல்லாமல் போகும். இருவாச்சி வராவிட்டால் பெரிய விதைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட ஆள் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். யாரும் கோடாலி எடுக்கவில்லை, ஆனாலும் காடு உள்ளுக்குள்ளே மாறிக்கொண்டிருக்கும்.

வால்பாறையில் இருக்கும் புதுத்தோட்டம் சோலையைப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் சிங்கவால் குரங்குகள் பல கூட்டங்களாக இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு. நல்ல காட்டில் இது தரைக்கு இறங்குவதே அபூர்வம். வெடிப்பலா மரத்தில் பூவைத் தின்னும், காய்ந்த இலைச் சுருளை மெதுவாகப் பிரித்து உள்ளே இருக்கும் பூச்சியை விரலால் எடுக்கும். புதுத்தோட்டத்தில் அதே விரல் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறது. இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்து மரத்துக்கும் நடுவே பொள்ளாச்சி ரோடு. தாவ முடியாது, இறங்கி நடக்க வேண்டும். அங்கேதான் அடிபடுகின்றன.

திருப்பூரிலிருந்து: பாவம், பசியோடு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கின்றன. வாழைப்பழம் கொடுத்தால் என்ன தப்பு?

பசியால் உட்காரவில்லை. போன வண்டி கொடுத்தது, வருகிற வண்டியும் கொடுக்கும் என்று உட்கார்ந்திருக்கிறது. கொடுக்காதீர்கள், வண்டியை நிறுத்தாதீர்கள், கண்ணாடியை இறக்காதீர்கள்.

கோவையிலிருந்து: ரோட்டுக்கு மேலே கட்டியிருக்கும் குரங்குப் பாலங்களை நிஜமாகவே பயன்படுத்துகின்றனவா? கண்துடைப்பு என்கிறார்களே.

பயன்படுத்துகின்றன. பழைய தீயணைப்புக் குழாய்களை ஏணி மாதிரி பின்னி, ரோட்டின் இரண்டு பக்கத்து மரங்களிலும் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் எடுத்தவுடன் ஏறிவிடாது, பழகக் காலம் பிடிக்கும். மரம் வளரும், காற்றில் ஆடும், அதற்குத் தகுந்தபடி கட்டைத் தளர்த்தி இறுக்க வேண்டும். தரையில் கடக்கும் இடங்களில் காவலாட்கள் நின்று வண்டிகளின் வேகத்தைக் குறைக்கிறார்கள். என் கவலை வேறு. ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று ஓரத்து மரங்களை வெட்டிவிட்டால் பாலத்தை எதில் கட்டுவது? பாலத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் பலர் அந்த மரங்களுக்காக வாயே திறப்பதில்லை.

ஒரு லாரி உரிமையாளர்: திம்பம் மலைப்பாதையில் ராத்திரி தடை. எங்கள் பிழைப்பு போகிறது. விலங்குதான் முக்கியமா?

உங்கள் நஷ்டம் நிஜம், மறுக்கவில்லை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள், பண்ணாரியிலிருந்து காரப்பள்ளம் வரை 2022 பிப்ரவரியில் தடை வந்தது. கனரக வண்டிக்கு மாலை 6 முதல் காலை 6 வரை, மற்றவற்றுக்கு இரவு 9 முதல். உள்ளூர்க்காரர்களுக்கும் ஆம்புலன்ஸ், பால், காய்கறி வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. பந்திப்பூரில் 2009-லிருந்தே இரவுத் தடை இருக்கிறது. பெரும்பாலான காட்டுவிலங்குகள் நடமாடுவது இருட்டில்தான். பகல் பூராவும் ரோடு நமக்கு, ராத்திரி அவற்றுக்கு என்பது நியாயமான பங்கீடு என்றுதான் நினைக்கிறேன்.

சென்னையிலிருந்து: எத்தனை புலி பார்த்திருக்கிறீர்கள்?

அடுத்த கேள்வி.

சென்னையிலிருந்து இன்னொருவர்: எதற்கு இத்தனை சுற்றி வளைப்பு? எஸ்டேட், பழங்குடி எல்லாரையும் கீழே இறக்கிவிட்டால் காடு தானாக மீளும். உணர்ச்சிவசப்படாமல் யோசிக்க வேண்டும்.

தானாக மீளாது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கவாத்து செய்யாமல் விட்ட தேயிலை மரமாக வளரும், சோலையாகாது. நடுவில் உண்ணிச்செடி அடைத்துக்கொள்ளும். களையெடுத்து, உள்ளூர் மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து, நட்டுப் பல வருடம் பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்யப்போகும் கைகளைத்தான் நீங்கள் கீழே இறக்கச் சொல்கிறீர்கள்.

குறுக்கே, வால்பாறை எஸ்டேட் வீட்டுப் பிள்ளை: அண்ணா, நாலு தலைமுறையாக லயத்து வீட்டில் இருக்கிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே வராதே என்கிறார்கள். பக்கத்திலேயே ரிசார்ட்டில் ராத்திரி பத்து மணிக்குப் பாட்டும் நெருப்பும். எங்களை மட்டும் ஏன் தொந்தரவு என்கிறார்கள்?

தம்பி கேட்பதுதான் சரியான கேள்வி. உங்கள் தாத்தாவைக் கங்காணி கூட்டிவந்தார், காட்டை வெட்டச் சொன்னது கம்பெனி. இன்றைக்குப் புதிதாக வரும் தொந்தரவு வெளிச்சம், சத்தம், எச்சில் சாப்பாடு. அவற்றில் பெரும்பகுதி வார இறுதியில்தான் மலையேறுகிறது.

அதே சென்னை நண்பர்: அப்படியானால் மாஞ்சோலை தேயிலைத் தோட்ட வழக்கின் தீர்ப்பு தவறா? காட்டைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

நன்றாக எடுத்துக்கொடுத்தீர்கள். மாஞ்சோலை 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்கு விட்ட இடம். கணக்குப்படி 2028-இல் முடிய வேண்டும், கம்பெனி 2024-லேயே மூடிவிட்டது. களக்காடு முண்டந்துறை காப்பகத்தின் மேட்டில் இருக்கும் நிலம், காடாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குத்தகை முடியும் தேதி எல்லாருக்கும் தெரிந்ததுதானே? தொழிலாளர் எங்கே போவார்கள் என்ற கேள்வியை மூடுவிழா வரைக்கும் தள்ளிப்போட்டது சரியா?

திருநெல்வேலியிலிருந்து: எங்கள் சித்தப்பா அங்கேதான் இருந்தார். பணத்தைக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அறுபது வயதில் சமவெளி வெயிலில் என்ன வேலை செய்வார்?

இதற்குக் காட்டியல் படித்தவனிடம் பதில் இல்லை. சென்னை நண்பர் சொல்லட்டும்.

அதே சென்னை நண்பர்: நீங்கள் பாதுகாப்பு பேசுகிறீர்களா, தொழிற்சங்கம் பேசுகிறீர்களா?

எஸ்டேட்டுக்குச் சொன்னதையே பழங்குடிக்கும் சொல்லி முடித்துவிடாதீர்கள். காடர், மலசர் எல்லாம் காப்பகம் வருவதற்கு முன்பே அங்கே இருப்பவர்கள். மையப்பகுதியிலிருந்து யாரை மாற்றுவதானாலும் அவர்கள் சம்மதத்தோடுதான் என்று 2006-இல் திருத்திய வனவிலங்குச் சட்டமே சொல்கிறது. அடுத்த பக்கத்துக் கேரளத்து வாழச்சாலில் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காப்பது காடர்கள்தான். ஆனைமலையில் இருக்கும் டாப்சிலிப் என்ற இடத்தின் பெயரே மேலிருந்து தேக்குக் கட்டையைச் சறுக்கிவிட்டதால் வந்தது. காட்டை வெட்டி இறக்கிய வனத்துறைக்கே அதைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்தோம், குடியிருந்தவனை மட்டும் சந்தேகப்படுகிறோம். இந்தச் சண்டையை இத்தோடு நிறுத்துகிறேன், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: யானை வருவதை முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு இருக்கிறதாமே?

இருக்கிறது. வால்பாறையில் யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் போனவர்கள். அதனால் மாலையில் கூட்டம் எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள், உள்ளூர் கேபிள் டிவியில் கீழே ஓடவிடுகிறார்கள். மேடான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு. பதிவு செய்த எண்ணிலிருந்து போன் அடித்தால் எரியும், தூரத்திலிருந்தே தெரியும். கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர் விளக்கைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு நடப்பதா, காத்திருப்பதா என்று முடிவு செய்வார். இப்போது தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் நிறைய. அவர்களுக்குத் தமிழ்ச் செய்தி மட்டும் போதாது. ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் யானை உடைப்பது அரிசி வாசனைக்கு. அந்தக் கட்டிடங்களைச் சோலை ஓரத்திலிருந்து தள்ளி வைத்தாலே பாதி தொல்லை குறையும்.

மதுரையிலிருந்து: ஆழியாறு வளைவில் வரையாடு பக்கத்திலேயே வருகிறது. பிஸ்கட் கொடுத்து போட்டோ எடுக்கலாமா?

திருப்பூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். வரையாட்டின் கொம்பைப் பிடித்துப் படம் எடுத்தால் ஜெயிலுக்கும் போகலாம்.

சேலத்திலிருந்து: ஊட்டி, கொடைக்கானல் மாதிரி எல்லா மலைக்கும் இ-பாஸ் வேண்டுமா?

எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள நல்லது. எத்தனை வண்டி தாங்கும் என்று முடிவு செய்யாமல் எண்ணிக்கொண்டே இருந்தால் பிரயோஜனம் இல்லை. விவரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: குரங்குக்குக் கேரட் கொடுக்கலாமா? பழம்தானே கூடாது.

ஐயா.

கரூரிலிருந்து, ஓர் ஆசிரியை: பள்ளிப் பிள்ளைகளோடு ஆயிரம் விதைப்பந்து செய்திருக்கிறோம். வால்பாறைப் பாதையில் வீசிவிட்டு வரலாமா?

வேண்டாம் டீச்சர். பிள்ளைகள் செய்ததை வீணாக்கச் சொல்லவில்லை. உள்ளே வேம்பும் புங்கனும் புளியும் இருக்கும். கரூரில் அவை நல்ல மரங்கள், மழைக்காட்டில் அவற்றுக்கு வேலை இல்லை. அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் விதை வீசுவதும் சரியல்ல. உங்கள் ஊர் ஏரிக்கரையில், மழை இரண்டு தரம் நன்றாகப் பெய்த பிறகு போடுங்கள். ஆடு மேயாத பக்கமாகப் பார்த்துப் போடுங்கள்.