எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு எத்தனை மாதம் தாய்ப்பால்?

1.8 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்து நிமிடம் குடித்ததும் தூங்கிவிடுகிறது, பால்பவுடருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் சொல்லாமல் மாறாதீர்கள். இக்குழந்தைக்கும் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு இணை உணவோடு 2 வயதும் அதற்கு மேலும்.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் ஒழுங்கு சுமார் 34 வாரக் கருவயதில்தான் கூடிவரும். அதற்கு முன்போ அதை ஒட்டியோ பிறந்த குழந்தை அதனால் சீக்கிரம் களைத்துப்போகிறது. மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும்; பல வீடுகளில் தாய்ப்பால் பாதியில் நிற்பது இப்படித்தான், தாயின் குறையால் அல்ல.

இரவையும் சேர்த்து நாளுக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள். மார்பில் மிஞ்சும் பாலைக் கையால் பீய்ச்சி, சங்கின் மூக்கைக் கீழுதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுங்கள். மொத்தமாகச் சாய்த்து ஊற்றினால் புரையேறும். தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்திருந்தால் சுரப்பும் கூடும். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.